நம் காற்றினூடே வேற்றுலகக் காற்று: வாசகர் கேள்வி – பதில்

சூரியனல்லாத வேறு விண்மீன்களைச் சுற்றிவரும் புறக்கோள்களின் வளிமண்டலத்தைத் தரையில் நிற்கும் தொலைநோக்கிகளைக் கொண்டே ஆராய்ந்து வருகிறார்கள் என்று சென்ற இதழில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒற்றை வரிக்கு வந்த கடிதங்களே இம்முறை அஞ்சற்பையை நிறைத்துவிட்டன. கறையான், காணி உறுதி, வல்லினம் மிகும் இடங்கள் ஆகியன பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்தருள்க.

கேள்வி: அக்கோள்களிற் பெரும்பாலானவற்றை நேரிற் கண்டவர் எவருமில்லை என்று தாங்களே எழுதியிருந்தீர்கள். கண்ணாற் காணாத ஒன்றின் காற்றில் சோடியம் இருக்கிறது, இரும்பு இருக்கிறது என்று எவ்வாறு துணிந்து கூறுகிறார்கள்? (ஓய்வுபெற்ற எழுதுவினைஞர், கொட்டாஞ்சேனை)

பதில்: ஐயா, 2004ஆம் ஆண்டு ஜூன் 8ஆந் திகதி வெள்ளிக் கோள் சூரியனின் முகத்தைக் குறுக்காகக் கடந்ததைத் தாங்கள் நினைவில் வைத்திருக்கக்கூடும். சூரியத் தட்டின்மீது ஒரு கரும்புள்ளி ஊர்ந்து சென்றது, அவ்வளவுதான். நெடுந்தொலைவிலுள்ள விண்மீன் ஒன்றின் முன்னாலும் அதன் கோள் இவ்வாறே கடந்து செல்லும்போது, நமக்குப் புள்ளி தெரியாவிட்டாலும், விண்மீனின் மொத்த வெளிச்சம் சிறிதளவு மங்குகிறது. பூமியிலிருந்து ஏறத்தாழ 160 ஒளியாண்டு தொலைவிலுள்ள எச்.டி. 209458 என்னும் விண்மீனில் 1999ஆம் ஆண்டு முதன்முறையாக இத்தகைய மங்கல் அளக்கப்பட்டது. மூன்றரை நாளுக்கு ஒருமுறை, சுமார் மூன்று மணி நேரம், நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு வெளிச்சம் குறைந்தது.

கோளுக்குக் காற்றுப் போர்வை ஒன்று இருந்தால், விண்மீனின் ஒளியில் மிகச் சிறிய ஒரு பங்கு அந்தப் போர்வையின் விளிம்பை ஊடறுத்து வந்து நம்மை அடையும். சோடியம் அணுக்கள் மஞ்சள் நிறத்தின் ஒரு குறிப்பிட்ட அலைநீளத்தை விழுங்கும். நீராவியும் காபனோரொட்சைட்டும் அகச்சிவப்பில் தத்தமக்கு உரிய அலைநீளங்களை விழுங்கும். எந்த அலைநீளத்திற் பார்க்கும்போது கோள் சற்றுப் பெரிதாகத் தோன்றுகிறதோ, அந்த அலைநீளத்தை அதன் காற்று மறைக்கிறது என்பது பொருள். 2002ஆம் ஆண்டு ஹபிள் விண்வெளித் தொலைநோக்கி மேற்சொன்ன கோளிற் சோடியத்தைக் கண்டதாக அறிவிக்கப்பட்டபோது, அளக்கப்பட்ட மேலதிக மங்கல் பத்தாயிரத்தில் இரண்டு பங்குதான். (இந்தச் சோடியத்தின் கதை அத்துடன் முடியவில்லை. கீழே வேறொரு கடிதத்தில் அதற்குத் திரும்புவோம்.)

நேரிற் படம் பிடிக்கப்பட்ட கோள்களும் சில உண்டு. எச்.ஆர். 8799 என்னும் விண்மீனைச் சுற்றும் இராட்சதக் கோள்களை 2008ஆம் ஆண்டு ஹவாயிலுள்ள கெக், ஜெமினி தொலைநோக்கிகள் படம் பிடித்துக் காட்டின. இளமையானவையும் இன்னும் உள்வெப்பம் ஆறாதவையுமான அக்கோள்கள் தாமே அகச்சிவப்பில் ஒளிர்கின்றன. 2013இல் அவற்றுள் ஒன்றின் ஒளியைக் கெக் தொலைநோக்கியில் நேரடியாகப் பகுத்து, நீராவியையும் காபனோரொட்சைட்டையும் தெளிவாக இனங்கண்டார்கள்.

கேள்வி: பூமியின் வளிமண்டலம் இடையூறாக இருப்பதாற்றான் தொலைநோக்கிகளை விண்வெளிக்கு அனுப்புகிறார்கள் என்று படித்திருக்கிறோம். ஜேம்ஸ் வெப் போன்ற தொலைநோக்கி மேலே இருக்கும்போது, அதே வேலையைக் கீழே நின்று செய்வதற்கு ஏன் இத்தனை செலவு? இது வீண் அல்லவா? (உயர்தர பௌதிகப் பிரிவு மாணவி, பம்பலப்பிட்டி)

பதில்: "அதே வேலை" என்று எழுதியிருக்கிறீர்களே, அங்குதான் சிக்கல். இரண்டும் ஒரே வேலையைச் செய்வதில்லை. இதைச் சற்று விரித்துச் சொல்ல அனுமதியுங்கள். இவ்விதழின் மற்றக் கேள்விகளில் பாதிக்கு விடை இதற்குள் இருக்கிறது.

முதலில் இடையூற்றை ஒப்புக்கொள்வோம். நாம் எந்தக் கோளில் நீராவியையும் ஒட்சிசனையும் தேடுகிறோமோ, அதன் ஒளி நம்மை வந்தடையுமுன் நம்முடைய நீராவியையும் நம்முடைய ஒட்சிசனையும் கடந்தாக வேண்டும். கடலோரக் கொழும்பில் தலைக்குமேல் நிற்கும் நீராவி முழுவதையும் ஒடுக்கித் தண்ணீராக்கினால் ஐம்பது மில்லிமீற்றர் அளவில் நிற்கும். சிலி நாட்டின் அட்டகாமாப் பாலைநிலத்தில், 2,635 மீற்றர் உயரமான பரனால் மலையுச்சியில், சாதாரணமான ஓர் இரவில் அது இரண்டு அல்லது மூன்று மில்லிமீற்றரைத் தாண்டாது. ஐரோப்பியத் தென்வான்காணகம் எட்டு மீற்றருக்குச் சற்று மேற்பட்ட விட்டமுள்ள நான்கு தொலைநோக்கிகளை அங்கே நிறுவியதற்கு இந்த வறட்சி ஒரு முக்கிய காரணம். ஆயினும் இரண்டு மில்லிமீற்றரும் தொல்லைதான். விண்மீனின் நிறமாலையில், அதாவது அலைநீளவாரியாகப் பிரித்து விரித்த அதன் ஒளியில், நம் காற்று விழுங்கிய அலைநீளங்கள் கருங்கோடுகளாக ஆயிரக்கணக்கில் வரும்.

இனி, தரையின் அனுகூலங்கள். ஜேம்ஸ் வெப்பின் ஆடி ஆறரை மீற்றர் அகலமானது. ஏவூர்தியின் தலைக்கூட்டுக்குள் மடித்து வைக்கக்கூடிய அளவுக்கு மேல் அதனைப் பெரிதாக்க இயலாது. அதைவிடவும் முக்கியமானது நிறமாலைக் கருவி. ஒளியை எவ்வளவு நுணுக்கமாகப் பிரிக்க வேண்டுமோ அவ்வளவுக்குக் கருவி பருத்துக்கொண்டு போகும். பரனாலில் உள்ள கிரைர்ஸ் என்னும் அகச்சிவப்புக் கருவி ஒளியின் அலைநீளத்தை ஓர் இலட்சத்தில் ஒரு பங்கு நுணுக்கமாகப் பகுக்கிறது. எஸ்பிரெஸ்ஸோ என்னும் மற்றொரு கருவி கட்புலனாகும் ஒளியில் அதனினும் நுணுக்கமானது. ஜேம்ஸ் வெப்பின் கருவிகளில் இது சில ஆயிரத்தில் ஒரு பங்கோடு நின்றுவிடும். பரந்த அலைநீளப் பரப்பை, நம் காற்றின் குறுக்கீடின்றி, மங்கலான விண்மீன்களிலும் அளப்பதில் வெப்புக்கு இணையில்லை. ஒரு மூலக்கூற்றின் தனித்தனிக் கோடுகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கத் தரைக் கருவி வேண்டும்.

கோடுகள் பிரிந்து தெரிவதால் என்ன பயன்? இங்கேதான் நீங்கள் வகுப்பிற் படிக்கும் டொப்ளர் விளைவு வருகிறது. அந்திப்பொழுதில் வெள்ளவத்தைப் புகையிரதப் பாதையருகே கண்ணை மூடிக்கொண்டு நின்று பாருங்கள். முன்னால் கடலின் இரைச்சல் ஓயாது கேட்கும். அதன் சுருதி மாறுவதில்லை. பின்னால் காலி வீதியின் நெரிசலில் அகப்பட்ட பேருந்துகள் ஒலியெழுப்பும். அவை நகராதவை (கொழும்பில் வசிப்போருக்கு இதை விளக்க வேண்டியதில்லை), ஆதலால் அவற்றின் சுருதியும் மாறுவதில்லை. தெற்கிலிருந்து வரும் புகையிரதத்தின் ஊதல் மட்டும் நெருங்குகையில் உயர்ந்தும் விலகுகையில் தாழ்ந்தும் கேட்கும். கடலிரைச்சலில் அந்த ஊதல் எத்தனை மெலிந்து போனாலும், சுருதி மாறுவது அது ஒன்றுதான் என்பதால் காது அதனைப் பற்றிக்கொள்ளும்.

வானிலும் இவ்வாறே; ஒலியின் சுருதிக்குப் பதிலாக ஒளியின் அலைநீளம், பொருள் நெருங்குகையில் குறைந்தும் விலகுகையில் கூடியும் வரும். நம் காற்றுப் பதிக்கும் கோடுகள் இரவு முழுவதும் ஒரே அலைநீளத்தில் நிற்கின்றன. ஈரப்பதன் கூடிக் குறைவதால் அவற்றின் ஆழம் மாறும், இடம் மாறாது. விண்மீனின் கோடுகளும் அநேகமாக அசைவதில்லை. எச்.டி. 209458ஐ அதன் கோள் இழுப்பதால் அவ்விண்மீன் செக்கனுக்கு 84 மீற்றர் வேகத்தில் முன்னும் பின்னும் தள்ளாடுகிறது. ஆனால் கோளோ செக்கனுக்கு 140 கிலோமீற்றர் வேகத்தில் விரைகிறது. அது விண்மீனின் முகத்தைக் கடக்கும் மூன்று மணி நேரத்தில் மட்டும், செக்கனுக்குச் சுமார் 15 கிலோமீற்றர் வேகத்தில் நம்மை நோக்கி வருவதில் தொடங்கி, அதேயளவு வேகத்தில் விலகிச் செல்வதில் முடிகிறது. ஓர் இலட்சத்தில் ஒரு பங்கைப் பகுக்கும் கருவிக்கு மூன்று கிலோமீற்றர் வேக வேறுபாடே புலப்படும் என்பதை ஒளியின் வேகத்தைக் கொண்டு நீங்களே கணித்துப் பார்க்கலாம். எனவே அன்றிரவின் நிறமாலைகளை வரிசையாக அடுக்கி, அவற்றுள் இடம் மாறாத யாவற்றையும் கழித்துவிட்டால், எஞ்சுவது இரைச்சலும் அதற்குள் சாய்ந்து செல்லும் கோளின் கோடுகளுமே.

அக்கோடுகள் ஒவ்வொன்றும் தனித்தனியே இரைச்சலுக்குள் மூழ்கியிருக்கும். ஆனால் ஒரு மூலக்கூற்றுக்குப் பல கோடுகள் உண்டு. அவை எந்தெந்த அலைநீளங்களில் விழும் என்பதை ஆய்வுகூட அளவீடுகளும் கணிப்பும் முன்னரே தந்திருக்கின்றன. அந்தக் கோட்டு வரிசையை ஒரு சீப்பாகக் கொண்டு, வேகத்துக்கு வேகம் நகர்த்தித் தரவோடு பொருத்திப் பார்க்கிறார்கள். எந்த வேகத்தில் பற்கள் யாவும் ஒன்றாகப் பொருந்துகின்றனவோ, அங்கே எல்லாக் கோடுகளும் சேர்ந்து ஒரு முகடாக எழும். இக்னாஸ் ஸ்னெல்லன் தலைமையிலான குழு 2010ஆம் ஆண்டு கிரைர்ஸ் கருவியால் அக்கோளின் காபனோரொட்சைட்டைக் கண்டது இம்முறையில்தான். பொருந்திய வேகம் எதிர்பார்த்ததிலிருந்து செக்கனுக்குச் சுமார் இரண்டு கிலோமீற்றர் நம்மை நோக்கி விலகியிருந்தது. எப்போதும் வெயிலில் இருக்கும் பக்கத்திலிருந்து எப்போதும் இருளில் இருக்கும் பக்கத்தை நோக்கிக் காற்று வீசுவதன் அடையாளம் அது என்று அவர்கள் கருதினார்கள்.

இதில் எனக்குப் பெரிதாகத் தோன்றுவது வேறொன்று. கோள் விண்மீனின் முன்னால் கடக்க வேண்டிய அவசியமே இம்முறைக்கு இல்லை. தோ பூவோட்டிஸ் என்னும் விண்மீனின் கோள் நம் பார்வைக் கோட்டில் கடப்பதில்லை. அதன் இருப்பு 1990களிலேயே அறியப்பட்டிருந்தும், பதினைந்து ஆண்டுகளாக அதன் உண்மையான நிறையைச் சொல்ல எவராலும் இயலவில்லை. 2012இல் அக்கோளின் சொந்த வெப்ப ஒளியிலேயே காபனோரொட்சைட்டின் கோடுகள் நகர்வதைக் கண்டார்கள். கோளின் வேகம் கிடைத்தது. வேகத்திலிருந்து சுற்றுப்பாதையின் சாய்வும், சாய்விலிருந்து நிறையும் கிடைத்தன: வியாழனைப்போல் ஏறத்தாழ ஆறு மடங்கு. நம் காற்றின் அடியில் நின்றுகொண்டே இதைச் செய்தார்கள். வீண் என்று நீங்கள் எழுதியதைத் திரும்பப் பெறுவீர்கள் என்று நம்புகிறேன்.

கேள்வி: ஒரு தொலைநோக்கியிலிருந்து நான்கு மஞ்சள் ஒளிக்கதிர்கள் வானத்தை நோக்கிப் பாயும் படமொன்றைப் பார்த்தேன். விண்மீன்மீது ஒளி பாய்ச்சிப் பார்க்கிறார்களா? (வத்தளை வாசகர்)

பதில்: இல்லை. அக்கதிர்கள் போய் முட்டுவது நமக்கு மேலே 90 கிலோமீற்றர் உயரத்தில்தான். எரிகற்கள் விட்டுச் சென்ற சோடியம் அங்கே ஒரு மெல்லிய படையாக மிதக்கிறது. லேசர் பட்டதும் அது ஒளிர்ந்து ஒரு செயற்கை விண்மீனாகிறது. அந்தப் புள்ளி எவ்வாறு நடுங்குகிறது என்பதைக் கொண்டு, இடையிலுள்ள காற்றின் கொதிப்பைக் கணித்து, வளையக்கூடிய மெல்லிய ஆடியொன்றைச் செக்கனுக்குப் பல நூறு தடவை நெளித்து, படத்தைக் கூராக்குகிறார்கள். கோள்களை நேரிற் படம் பிடிக்கும் ஸ்பியர் போன்ற கருவிகளுக்கு லேசர் தேவைப்படுவதில்லை. கோளின் தாய் விண்மீனே போதிய வெளிச்சமுள்ளதாதலால் அதையே வழிகாட்டியாகக் கொள்கிறார்கள்.

கேள்வி: இரும்பு மழை பெய்யும் கோளொன்றைக் கண்டுபிடித்ததாக ஒரு காணொளியில் உறுதியாகச் சொன்னார்கள். நம்பலாமா? (ஆசிரியை, வெள்ளவத்தை)

பதில்: பாதியை நம்பலாம், அம்மா. எந்தப் பாதி என்பதைச் சொல்கிறேன்.

மீன இராசி மண்டலத்தில், சுமார் 640 ஒளியாண்டு தொலைவில், வாஸ்ப் 76பி என்னும் கோள் உள்ளது. தன் விண்மீனுக்கு மிக அண்மையில், இரண்டு நாளுக்குள் ஒரு சுற்றை முடிக்கும் அக்கோள், சந்திரன் நமக்கு ஒரு முகத்தையே காட்டுவதுபோல், விண்மீனுக்கு என்றும் ஒரு முகத்தையே காட்டுகிறது. பகற் பக்கம் 2,400 பாகை செல்சியசுக்கு மேல் காய்கிறது. அந்த வெப்பத்தில் இரும்பு ஆவியாகிவிடும். கோள் கடந்து செல்லும்போது அதன் இரு ஓரங்களையும், அதாவது பகல் இரவாகும் மாலை ஓரத்தையும் இரவு பகலாகும் காலை ஓரத்தையும், எஸ்பிரெஸ்ஸோ கருவி வேக வேறுபாட்டால் பிரித்துக் காட்டியது. மாலை ஓரத்தில் இரும்பு ஆவியின் தடம் இருந்தது. காலை ஓரத்தில் காணவில்லை. 2020ஆம் ஆண்டு வெளியான அந்த ஆய்வில் அளக்கப்பட்டது இதுவே. இரவுப் பக்கத்துக்குச் சென்ற இரும்பு ஆவி திரும்பி வரவில்லையானால், அங்கே குளிர்ந்து ஒடுங்கித் துளிகளாக விழுந்திருக்க வேண்டும் என்பது அளவீட்டிலிருந்து செய்த அனுமானம். துளிகளை எவரும் காணவில்லை.

அந்த ஏற்றத்தாழ்வு உண்மையானது என்பதைப் பிறகு வேறொரு கருவியின் தரவும் உறுதிப்படுத்தியது. ஆனால் இரு ஓரங்களின் வெப்பநிலை வேறுபட்டாலோ, ஓர் ஓரத்தை உயரமான முகில் மறைத்தாலோ அதே தோற்றம் கிடைக்கும் என்று மாதிரிக் கணிப்புகள் செய்தோர் எடுத்துக்காட்டினார்கள். 2023இல் ஜெமினி தொலைநோக்கியில் அக்கோளை ஆராய்ந்தவர்கள், வேறு பல உலோகங்கள் எதிர்பார்த்த அளவில் இருக்க, டைட்டேனியம் காணாமற் போயிருப்பதைக் கண்டார்கள். டைட்டேனியம் இரும்பினும் கூடிய வெப்பநிலையிலேயே ஒடுங்கிவிடுவது. ஆகவே பொருட்கள் குளிர்ந்து அடியில் சிக்கிக்கொள்கின்றன என்ற கருத்துக்கு அது வலுச் சேர்க்கிறது. இரும்பு மழையைப் பொறுத்தவரை, வழக்கு நடந்துகொண்டிருக்கிறது.

மாணவருக்குச் சொல்ல விரும்பினால் 2025இல் வெளியான இன்னொன்றைச் சொல்லுங்கள். வாஸ்ப் 121பி என்னும் கோளைப் பரனாலின் நான்கு தொலைநோக்கிகளின் ஒளியையும் ஒரே கருவிக்குள் சேர்த்துப் பார்த்தார்கள். வெவ்வேறு தனிமங்களின் கோடுகள் வெவ்வேறு உயரங்களில் தோன்றுவதால், காற்று அடுக்கடுக்காக எவ்வாறு வீசுகிறது என்பதை அறிய முடிந்தது: கீழே இரும்பின் தடத்தில் பகலிலிருந்து இரவுப் பக்கத்துக்கு ஓடும் காற்று, அதன்மேல் சோடியத்தின் தடத்தில் நடுக்கோட்டைச் சுற்றி விரையும் ஒரு பெருங்காற்றோட்டம், அதற்கும் மேலே ஐதரசன். நம் பருவக்காற்றின் மேலடுக்குகளை அறிய பலூன் விடுகிறோம். ஏறத்தாழ 900 ஒளியாண்டு தொலைவில் உள்ள காற்றுக்கு மூன்று தனிமங்களே பலூனாயின.

கேள்வி: நீங்கள் எழுதும் விண்மீன்களில் ஏதேனும் ஒன்றையாவது எங்கள் மொட்டைமாடியிலிருந்து பார்க்க முடியுமா? பெயர்களெல்லாம் தொலைபேசி இலக்கங்கள்போல் இருக்கின்றன. (தெஹிவளை வாசகி)

பதில்: இலக்கங்களை மறந்துவிட்டு நம் நட்சத்திரப் பெயர்களோடு வாருங்கள். நவம்பர் மாதத்து முன்னிரவில், மழை விட்ட வேளையில், உச்சிக்குச் சற்று வடக்கே கட்டிலின் நான்கு கால்களைப்போல் ஒரு பெரிய சதுரம் தெரியும். அதன் மேற்குப் பக்கத்து இரண்டு விண்மீன்களே பூரட்டாதி. அவ்விரண்டையும் இணைக்கும் கோட்டுக்குச் சற்று வெளியே, ஏறத்தாழ நடுவில், 51 பெகாசி நிற்கிறது. சூரியனையொத்த விண்மீனொன்றைச் சுற்றுவதாக முதன்முதலில், 1995இல், மிஷேல் மேயரும் டிடியே கெலோவும் கோள் கண்டது அங்கேதான். 2019இல் அவர்களுக்கு நோபல் பரிசின் பாதி கிடைத்தது. மேலே சொன்ன எச்.ஆர். 8799உம் அதே கோட்டின் அருகேதான் உள்ளது. பிறந்த நட்சத்திரம் பூரட்டாதி என்பவர்கள் பெருமைப்பட்டுக்கொள்ளலாம். ஆனால் நகர வெளிச்சத்தில் இவ்விரண்டும் கண்ணுக்கு எட்டா, இருநோக்கி வேண்டும்.

மே, ஜூன் மாதங்களில் தலைக்குமேல் செம்மஞ்சளாக ஒளிரும் சுவாதியின் மேற்கே, கையை நீட்டி மூன்று விரல்களைச் சேர்த்துப் பிடித்தால் மறையும் தூரத்தில், தோ பூவோட்டிஸ் இருக்கிறது. பெப்ரவரி முன்னிரவில் தென்வானில் அகத்திய நட்சத்திரத்தைப் பாருங்கள். அதற்குச் சற்று மேற்கே உள்ள மங்கலான விண்மீன் பீற்றா பிக்ரோரிஸ். அதன் கோளொன்று செக்கனுக்கு 25 கிலோமீற்றர் வேகத்தில் தன்னைத்தானே சுழல்வதையும், அதன் ஒரு நாள் சுமார் எட்டு மணி நேரமே என்பதையும் 2014இல் கிரைர்ஸ் கருவி அளந்தது. சுழலும் கோளின் ஒரு விளிம்பு நம்மை நோக்கியும் மறு விளிம்பு விலகியும் செல்வதால், அதன் காபனோரொட்சைட்டுக் கோடுகள் அகன்று தெரிந்தன. ஐரோப்பாவின் பெருநகரங்களிலிருந்து இந்த விண்மீனைப் பார்க்கவே இயலாது; ஏழு பாகை அகலாங்கில் வாழும் நமக்கு அந்தப் பேறு உண்டு.

கேள்வி: கே2-18பி என்ற கோளில் உயிரின் தடயம் கிடைத்ததாகச் செய்தி வந்து, பிறகு இல்லை என்றார்கள். இத்துறையில் எதைத்தான் நம்புவது? (மட்டக்குளி வாசகர்)

பதில்: அது ஜேம்ஸ் வெப் செய்த அளவீடு. 124 ஒளியாண்டு தொலைவிலுள்ள அக்கோளில் மெதேனும் காபனீரொட்சைட்டும் இருப்பதாக 2023இல் அறிவித்த குழு, 2025 ஏப்ரலில் டைமெதில் சல்பைட் என்னும் சேர்மத்தின் அடையாளமும் தென்படுவதாகச் சொன்னது; பூமியில் கடலின் நுண்ணுயிர்கள் வெளியிடுவது அது. அடையாளத்தின் வலுவோ கண்டுபிடிப்பு என்று சொல்லத்தக்க அளவுக்கு மிகக் கீழே இருந்தது. வேறு குழுக்கள் அதே தரவை ஆராய்ந்தபோது அடையாளம் மறைந்தது. தலைப்பெழுதியவர்கள் அவசரப்பட்டார்கள் என்பதே என் கருத்து. அக்கோளின் விண்மீன் மங்கலானதாதலால், தரையிலிருந்து இதனைத் தீர்த்து வைப்பது இன்றைய தொலைநோக்கிகளால் ஆகாத காரியம்.

தரை ஆய்வுகளிலும் இவ்வாறு நேர்ந்ததுண்டு. முதற் பதிலில் வந்த எச்.டி. 209458இன் சோடியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஹபிள் கண்டதற்குப் பின் தரைத் தொலைநோக்கிகளும் அதனைக் கண்டதாகப் பலர் எழுதினார்கள். 2020இலும் 2021இலும் மிக நுணுக்கமான கருவிகளால் மீண்டும் அளந்தபோது வேறு கதை வெளிவந்தது. சுழலும் விண்மீனின் ஒரு பாதி நம்மை நோக்கி வருகிறது, மறு பாதி விலகுகிறது. கோள் அதன் முகத்தின் வெவ்வேறு பகுதிகளை மாறிமாறி மறைக்கும்போது விண்மீனின் சொந்தச் சோடியக் கோட்டின் வடிவமே மாறுகிறது. அந்த மாற்றத்தைக் கணக்கிற் சேர்த்ததும் கோளின் சோடியத்துக்கு வேலையில்லாமற் போயிற்று. இருபது ஆண்டுகள் பாடநூலில் இருந்த முதல் எடுத்துக்காட்டையே துறை தானாக முன்வந்து கேள்விக்கு உட்படுத்தியது. எதை நம்புவது என்று கேட்டீர்கள்: வெவ்வேறு கருவிகளில், வெவ்வேறு இரவுகளில், வெவ்வேறு குழுக்கள் கண்டவற்றை நம்புங்கள்.

கேள்வி: இலங்கையிலிருந்து இவ்வாய்வில் பங்குகொள்ள இயலுமா? (பல்கலைக்கழக மாணவர், மொரட்டுவை)

பதில்: உங்கள் ஊரிலேயே, கட்டுபெத்தையிலுள்ள ஆதர் சி. கிளார்க் நவீன தொழினுட்ப நிறுவகத்தில், யப்பான் வழங்கிய 45 சென்ரிமீற்றர் தொலைநோக்கி 1996 முதல் உள்ளது. வளிமண்டலத்தை ஆராய அது போதாது. ஆனால் கோள் கடக்கும்போது ஏற்படும் மங்கலை அளக்க அதுவே மிகை, 1999இல் எச்.டி. 209458இன் மங்கலை அளந்த கருவிகளுள் ஒன்று பத்து சென்ரிமீற்றர் அகலமானது. பெரிய தொலைநோக்கியில் ஓர் இரவு ஒதுக்கப்படுமுன் கோள் எந்த நிமிடத்தில் கடக்கும் என்பது சரியாகத் தெரிந்திருக்க வேண்டும். பல ஆண்டுகளில் அந்த நேரக் கணிப்பு வழுவிவிடுகிறது. புறக்கோள்களின் வளிமண்டலங்களை விண்வெளியிலிருந்து ஆராயவிருக்கும் ஐரோப்பிய விண்வெளி முகவரகத்தின் ஏரியல் தொலைநோக்கித் திட்டத்துக்காக இந்நேரங்களைச் சீர்செய்யும் எக்ஸோகுளொக் முயற்சியில், சிறு தொலைநோக்கி வைத்திருக்கும் ஆர்வலர்கள் உலகெங்கும் சேர்ந்திருக்கிறார்கள்.

இன்னுமொன்று. 2019இல் சர்வதேச வானியல் ஒன்றியம் ஒவ்வொரு நாட்டுக்கும் பெயரிட ஒரு விண்மீனையும் கோளையும் ஒதுக்கியபோது, எச்.டி. 205739 நமக்குக் கிடைத்தது. விண்மீனுக்குச் 'சாமய' என்றும் கோளுக்குச் 'சமகிய' என்றும், அமைதி, ஒற்றுமை எனப் பொருள்படும் சிங்களச் சொற்களைச் சூட்டினார்கள். வியாழனைவிடப் பெரிய நிறையுள்ள அக்கோள் தன் விண்மீனைச் சுற்றிவரச் சுமார் 280 நாட்கள் எடுக்கிறது.

கேள்வி: நமக்கு மிக அண்மையிலுள்ள புறக்கோளில் ஒட்சிசன் இருக்கிறதா என்று தரையிலிருந்து பார்ப்பார்களா? எப்போது? (எட்டாம் வகுப்பு மாணவன், கொட்டாஞ்சேனை)

பதில்: தம்பி, அந்தக் கோளின் பெயர் புரொக்சிமா பி. 2016இல் கண்டறியப்பட்டது, 4.2 ஒளியாண்டு தொலைவு. அதன் ஓர் ஆண்டு நமக்குப் பதினொரு நாள். கோளுக்கும் விண்மீனுக்கும் இடையே வானில் தெரியும் இடைவெளி எவ்வளவு என்றால், காலிக் கோட்டையின் மதிலில் வைத்த ஒரு ரூபாய் நாணயத்தின் அகலத்தைக் கொழும்பிலிருந்து பார்த்தால் எவ்வளவு தெரியுமோ அவ்வளவு. அதற்குமேல், கோளின் வெளிச்சம் விண்மீனின் வெளிச்சத்தில் ஒரு கோடியில் ஒரு பங்கு அளவே.

பரனாலுக்கு அருகிலுள்ள ஆமசோனெஸ் மலையில் 39 மீற்றர் அகலமான ஆடியுடன் எழுந்துவரும் பெருந்தொலைநோக்கி இதற்குத் தகுந்தது. அதன் ஆடி 798 துண்டுகளால் ஆனது. இந்தப் பத்தாண்டின் இறுதியளவில் முதல் ஒளியைக் காணும் என்று திட்டமிட்டிருக்கிறார்கள். ஒட்சிசனின் வலுவான கோட்டுத் தொகுதியொன்று 760 நனோமீற்றர் அலைநீளத்தில் உள்ளது. நம் தலைக்குமேல் உள்ள ஒட்சிசனும் அதே இடத்தில்தான் கோடு போடும். ஆனால் புரொக்சிமா நம்மை நோக்கிச் செக்கனுக்கு 22 கிலோமீற்றர் வேகத்தில் வருகிறது. கோள் அதனைச் சுற்றி மேலும் வேகமாக ஓடுகிறது. பூமியும் சூரியனைச் சுற்றி ஓடுகிறது. இவற்றால் அங்குள்ள ஒட்சிசனின் கோடுகள் ஒரு நனோமீற்றரின் பத்திலொரு பங்களவு இடம்பெயர்ந்து, நம் கோடுகளுக்கு இடையிலுள்ள வெளிகளில் வந்து விழும் நாட்கள் உண்டு. அந்த நாட்களைத் தேர்ந்து பார்ப்பார்கள்.

ஒட்சிசன் கிடைத்தாலும் உடனே அங்கே மரஞ்செடி இருப்பதாக எண்ணிவிடாதே. புரொக்சிமா அடிக்கடி சீறும் ஒரு செங்குறு விண்மீன். அதன் புறஊதா ஒளி நீராவியைச் சிதைத்து, இலேசான ஐதரசன் தப்பிப்போக, ஒட்சிசன் மட்டும் உயிரின் துணையின்றியே மிஞ்சி நிற்கலாம். ஆகையால் ஒட்சிசனோடு மெதேனும் இருக்கிறதா என்று சேர்த்துத் தேடுவார்கள். இரண்டும் ஒன்றையொன்று அழிப்பவை என்பதால், இரண்டும் ஒருங்கே நிலைத்திருந்தால் ஏதோ ஒன்று அவற்றைத் தொடர்ந்து உண்டாக்கிக்கொண்டிருக்க வேண்டும்.